மூன்று வாரத்தில் அணைந்த விளக்கு

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையோரம், நமுனுகுலை மலையின் முகில் மாலைதோறும் இறங்கி வரும் சரிவொன்றில் எனது வீடு இருக்கிறது. அதற்குக் கீழே தோட்டத்து லயங்கள். அவற்றுக்கும் கீழே தேயிலைத் தொழிற்சாலை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பேத்திக்கு அவளது மாமன் வளைகுடா நாடொன்றிலிருந்து மேசை விளக்கொன்று கொணர்ந்து கொடுத்தான். சுண்டுவிரல் நுனியளவேயான ஹலோஜன் குமிழ் அதில் பொருத்தப்பட்டிருந்தது. அதன் வெள்ளொளியைக் கண்டு வீடே மகிழ்ந்தது. மூன்றாம் வாரத்தில் குமிழ் அணைந்தது. பதுளைக் கடைத்தெருவில் வாங்கிய அடுத்த குமிழ் பத்து நாளும், அதற்கடுத்தது ஆறு நாளும் உயிர் வாழ்ந்தன.

முதலில் வணிகர் மீதே ஐயங்கொண்டேன். அதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 1924ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்க விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, எந்தக் குமிழும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்று தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன. பீபஸ் கூட்டு என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு, இரண்டாம் உலகப் போர் மூண்டபோது குலைந்தது. ஆனால் ஆயிரம் மணி எங்கே, நூறு மணியையும் காணாத எங்கள் குமிழ் எங்கே!

பழைய குமிழில் தங்குதன் இழை வெப்பத்தால் சிறிது சிறிதாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் கரியெனப் படியும். இழை மெலிந்து ஒருநாள் அறும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி என்னும் இருவர் படிகக் குழாயினுள் சிறிது அயடீனையும் அடைத்து, 1959இல் காப்புரிமை பெற்றனர். அயடீன், நமது பாடநூல்கள் 'அலசன்' என்றெழுதும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆவியான தங்குதன் அதனோடு கூடித் திரிந்து, கொதிக்கும் இழையருகே வந்ததும் பிரிந்து, மீண்டும் இழையிலேயே படியும். இதனால் இழை அழியாதென்று எண்ணிவிடலாகாது. போன தங்குதன் போன இடத்துக்கே திரும்புவதில்லை. மெலிந்த இடம் மேலும் மெலியும்.

எங்கள் தோட்டத்து இளைஞர் ஒருவர் மின்வேலை கற்றவர். அவரை அழைத்துவந்து காட்டினேன். அணைந்த குமிழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "மாஸ்டர், கையாலதானே மாட்டுனீங்க?" என்றார். வேறெதனால் மாட்டுவது? விரலின் எண்ணெயும் உப்பும் படிந்த இடத்தில், எரியும் சூட்டில் படிகம் பால்போல் வெளுத்துத் தன் வலிமையை இழக்குமாம். துணியால் பிடித்தே மாட்ட வேண்டும். நாற்பது ஆண்டு பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு அன்று அவர் ஆசிரியரானார்.

அடுத்து, மாமன் தந்த முதற் குமிழின் அடியிலிருந்த எழுத்தைப் படித்தார். 220 வோல்ட்டு. இலங்கை வீடுகளுக்குரிய அளவோ 230. மேலும் கீழும் நூற்றுக்கு ஆறு வரை அனுமதி உண்டு. தொழிற்சாலையின் பெரிய மோட்டார்கள் ஓடும்போது அழுத்தம் தாழும். அவை நின்றதும் ஏறும். அழுத்தம் ஏற ஏற, குமிழின் ஆயுள் ஏறத்தாழ அதன் பன்னிரண்டாம் அடுக்கின் விகிதத்தில் குறையும் என்பது விளக்குப் பொறியியலின் பழைய கணக்கு. 220க்குரிய குமிழை 240இல் எரித்தால் ஆயுள் மூன்றிலொரு பங்காகும். இரண்டாயிரம் மணி எழுநூறாகும். அப்படியிருந்தும் நூறு மணிக்குள் அணைந்ததற்கு இக்கணக்குப் போதவில்லை. கடையில் வாங்கிய இரண்டும் 230 என்றே எழுதப்பட்டவை.

அப்பொழுதுதான் பேத்தி வாய் திறந்தாள்: "தாத்தா, கீழ் லயத்துல கேத்தல் போட்டா நம்ம லைட்டு இன்னும் நல்லா எரியுது."

இளைஞரின் முகம் மாறிற்று. அளவுமானியைச் செருகிவிட்டு, கீழ் வீட்டாரிடம் கேத்தலைப் போடச் சொன்னார். அங்கே விளக்கு மங்கியது; இங்கே முள் 262ஐத் தொட்டது. கம்பத்திலிருந்து மூன்று கம்பிகள் வழியாக வெவ்வேறு வீடுகளுக்கு மின்சாரம் பிரிகிறது. எல்லோருக்கும் பொதுவான திரும்புகம்பி ஒன்றே. அதனை நியூட்ரல் என்பர். அதன் பொருத்து தளர்ந்தால், ஒரு வீட்டில் குறையும் அழுத்தம் இன்னொரு வீட்டில் ஏறும். பேத்தி இத்தனை நாளும் நல்லதென்று மகிழ்ந்த அந்தக் கூடுதல் ஒளியே குமிழ்களைக் கொன்றிருக்கிறது.

குமிழ் போனால் போகட்டும். முந்திய மாதம் கீழ் வீட்டில் தொலைக்காட்சிப்பெட்டி புகைந்து போனதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். ஒரே தகரக் கூரையும் பலகைத் தட்டியுமாகத் தொடர்ந்து நிற்கும் காம்பராக்கள் அவை. மின் ஒழுக்கினால் லயங்கள் எரிந்த செய்தியை நாம் பத்திரிகையில் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்! அன்றிரவு இரு வீட்டிலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தியில் உண்டோம்.

மறுநாள் மழையிலே கம்பம் ஏறியவர்கள் பொருத்தைக் கழற்றிக் காட்டினார்கள். பல ஆண்டு மழையிலும் காற்றிலும் அரிக்கப்பட்டுக் கரிந்திருந்தது. புதியதை முடுக்கியபின் முள் 236க்கும் 239க்கும் இடையே நின்றது; கேத்தல் கொதித்தபோதும் அசையவில்லை.

நான்காவது குமிழை 240 என்றெழுதியதாகத் தேடி வாங்கி, கைக்குட்டையால் பிடித்து மாட்டினேன். நான்கு மாதமாக எரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 செப்தெம்பரிலேயே ஹலோஜன் வீட்டுக் குமிழ்களுட் பலவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டது. பதுளைக் கடைக்காரரிடமும் தூசி படிந்த பெட்டியில் இரண்டே மிஞ்சியிருந்தன. இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். பேத்தியோ, பரீட்சை முடிந்ததும் எல்.ஈ.டி. விளக்கு வாங்கித் தரும்படி கேட்கிறாள்.