விலாசங்கள் வந்து சேர்ந்தனவா?

புதுக் கம்ப்யூட்டர் வந்த குஷியில் பழையதை அழித்துவிடாதீர்கள்!

திங்கட்கிழமை காலை. ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஈமெயில் கணக்கைச் சேர்த்துப் பாஸ்வேர்டைக் கொடுத்ததுதான் தாமதம், பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்குகின்றன. பத்து வருஷத்துக் கடிதங்கள்! ஒன்றுகூடக் குறையவில்லை.

"எல்லாம் வந்துவிட்டது சார்!" என்கிறார் குமாஸ்தா. மானேஜருக்கும் திருப்தி. பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்து, வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

பதினொரு மணிக்கு ஒரு வாடிக்கைக்காரருக்கு அவசரக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. குமாஸ்தா பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களைத் தட்டுகிறார். வழக்கமாக முழு விலாசமும் தானாக வந்து நிற்கும். இன்று ஒன்றும் வரவில்லை. விலாசப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறார். வெறும் ஏடு!

800 பேருடைய பெயர், விலாசம், டெலிபோன் நம்பர் எல்லாம் போய்விட்டன. அவை மட்டுமா? "இவருக்கு 5-ந் தேதிக்குப் பிறகு ஞாபகப்படுத்தினால்தான் பணம் வரும்", "இவரிடம் காலையில் பேசக் கூடாது" என்று, போன வருஷம் ஓய்வு பெற்ற கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் கூடவே போய்விட்டன. கடிதங்களைப் புரட்டி ஈமெயில் விலாசங்களைத் திரும்பப் பொறுக்கி எடுக்கலாம். அந்தக் குறிப்புகளை எங்கே போய்த் தேடுவது?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் கம்ப்யூட்டர் மாற்றும் எந்த ஆபீசிலும் நடக்கக்கூடிய காட்சி. இது ஏன் நேருகிறது என்று தெரிந்துகொண்டால் அரை மணி நேர வேலையில் இதைத் தவிர்த்துவிடலாம்.

கடிதம் வரும், விலாசம் வராது

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு வலை வழியாகக் கடிதம் அனுப்பும் வித்தையை 1971-ல் செய்து காட்டியவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே 'அட்' குறியைப் போட்டவரும் அவரே. கடிதங்களைத் தூரத்திலுள்ள சர்வரிலேயே வைத்துக்கொண்டு, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் படிக்கும் 'ஐமேப்' என்ற முறையை 1986-ல் மார்க் கிரிஸ்பின் என்பவர் வகுத்தார். இன்று அநேக ஆபீசுகளில் ஈமெயில் நடப்பது இந்த முறையில்தான்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஐமேப் சுமந்து வருவது கடிதங்களை மட்டுமே. விலாசப் புத்தகம் அதன் பொறுப்பில் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சர்வரில் இல்லாத விலாசம் புதுக் கம்ப்யூட்டருக்கு எப்படி வரும்?

மைக்ரோசாப்ட் கம்பெனியின் அவுட்லுக்கில் ஐமேப் கணக்கு வைத்திருப்பவர்கள் 'காண்டாக்ட்ஸ்' என்ற பகுதியைக் கவனித்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே "இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் சிறிதாக எழுதியிருக்கும். தினமும் கண்ணில் படுகிற எழுத்துத்தான். படிப்பவர்தான் இல்லை!

இன்னொரு அபாயமும் உண்டு. ஈமெயில் மக்கர் செய்தால், "கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பார்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். நீக்கும்போது, இங்கே சேமித்து வைத்ததெல்லாம் அழிந்துபோகும் என்று அவுட்லுக் எச்சரிக்கும். "சரி" என்று தட்டிவிட்டால் கடிதங்கள் சர்வரிலிருந்து திரும்பி வரும். இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்த விலாசங்கள் திரும்பி வராது.

எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாப்ட் 365 போன்ற ஏற்பாடுகள் உள்ள ஆபீசுகளில் விலாசங்களும் சர்வரிலேயே இருக்கும். அவர்களுக்குக் கவலை குறைவு. ஆனாலும் சில விலாசங்கள் தனிப் போல்டரில் உள்ளூரிலேயே தங்கியிருக்கலாம். ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஏமாற்றும் பட்டியல்

இரண்டு எழுத்தைத் தட்டியதும் பெயர்கள் வந்து நிற்கின்றனவே, அதுதான் விலாசப் புத்தகம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை! அது வேறு பட்டியல். நீங்கள் யார் யாருக்குக் கடிதம் எழுதினீர்களோ அவர்களை அவுட்லுக் தானாகவே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அந்த ஞாபகத்துக்கும் எல்லை உண்டு. சாதாரணமாக 1000 பேர். அதற்கு மேல் போனால் பழைய பெயர்கள் உதிர்ந்துவிடும்.

அவுட்லுக் 2007 வரையில் இந்தப் பட்டியல் 'என்.கே.2' என்ற தனிப் பைலில் இருந்தது. 2010-ஆம் வருஷத்து அவுட்லுக்கிலிருந்து இருப்பிடம் மாறிவிட்டது. எங்கே இருந்தாலும் இதை நம்பிக் குடித்தனம் நடத்தக் கூடாது. முக்கியமானவர்களின் பெயரை, பழைய கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே, வலது பக்கப் பொத்தானைத் தட்டி 'காண்டாக்ட்ஸில் சேர்' என்று கொடுத்து உண்மையான விலாசப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும்.

மூன்று விதமான மூட்டைகள்

வீடு மாற்றும்போது பாத்திரத்தைச் சாக்கிலும், கண்ணாடிச் சாமானைப் பெட்டியிலும் கட்டுகிறோம் அல்லவா? விலாசங்களைக் கட்டவும் மூன்று விதமான மூட்டைகள் உண்டு.

முதலாவது 'பி.எஸ்.டி.' என்ற பைல். அவுட்லுக்கிலிருந்து அவுட்லுக்குக்குப் போவதானால் இதற்கு நிகர் இல்லை. பெயர், நம்பர், குறிப்பு, போட்டோ, பலரை ஒன்றாகச் சேர்த்து வைத்த குழு எல்லாம் இதில் அப்படியே போகும். இதேபோல 'ஓ.எஸ்.டி.' என்றும் ஒரு பைல் கண்ணில் படும். அதைப் பென்டிரைவில் எடுத்துப் போய்ப் பிரயோஜனம் இல்லை. அது அந்தக் கம்ப்யூட்டரின் கணக்கோடு கட்டுண்டது. வேறு இடத்தில் சாதாரணமாகத் திறக்காது.

இரண்டாவது 'சி.எஸ்.வி.' இது நடுவே காற்புள்ளி போட்டு எழுதிய வெறும் பட்டியல். எந்த ஈமெயில் புரோகிராமும் இதைப் படிக்கும். அதுதான் இதன் பெருமை. ஆனால் அவுட்லுக்கிலிருந்து எடுக்கும்போது போட்டோவும் குழுக்களும் இதில் ஏறா. யூனிகோடு முறையில் எழுதப்படாவிட்டால் தமிழுக்கும் ஆபத்து. 'முருகன்' என்று தமிழில் எழுதி வைத்த பெயர் 7 கேள்விக்குறிகளாக மாறிப் போய்ச் சேரும். எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்து என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது!

மூன்றாவது 'வி-கார்டு'. ஆப்பிள், ஏ.டி. அண்ட் டி., ஐ.பி.எம்., சீமன்ஸ் ஆகிய நான்கு கம்பெனிகள் கூடி 1990-களின் நடுவில் உண்டாக்கிய விசிட்டிங் கார்டு. கைப்பேசிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே போக இது சௌகரியம். ஆனால் ஓர் எச்சரிக்கை: 500 பேரை ஒரே வி-கார்டு பைலில் போட்டுப் பழைய வகை அவுட்லுக்கிடம் கொடுத்தால் அது முதல் ஆளை மட்டும் வரவேற்றுவிட்டுக் கதவைச் சாத்திவிடும். மற்ற 499 பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

எக்ஸெல் செய்யும் குறும்பு

சி.எஸ்.வி. பைலைக் கண்டதும் இரண்டு தட்டுத் தட்டி எக்ஸெலில் திறந்து பார்ப்பது வழக்கம். இங்கேதான் பெரிய நஷ்டம் நேருகிறது. எக்ஸெலுக்கு டெலிபோன் நம்பர் என்று தெரியாது. அது ஒரு தொகை என்றே எண்ணிக்கொள்ளும். தொகைக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு? 044 என்று தொடங்கும் சென்னை நம்பரில் முதல் பூஜ்யத்தைத் தூக்கி எறிந்துவிடும். 91 சேர்த்து எழுதிய 12 இலக்கக் கைப்பேசி நம்பரைச் சுருக்கி, 9.19 என்று தொடங்கி, நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டுக் காட்டும்.

பார்த்துவிட்டு மூடினால் மோசமில்லை. "மாறுதலைச் சேமிக்கவா?" என்று கேட்கும்போது "ஆகட்டும்" என்றால் போச்சு! சுருக்கிய உருவமே பைலில் பதிந்துவிடும். கடைசி இலக்கங்கள் என்றைக்கும் திரும்பா. ஆகையால் சி.எஸ்.வி. பைலைப் பார்க்க ஆசைப்பட்டால் நோட்பேடில் பாருங்கள்.

எப்படிச் செய்வது?

இங்கே சொல்வது 'கிளாசிக்' என்ற பழைய வகை அவுட்லுக்குக்குப் பொருந்தும்.

பழைய கம்ப்யூட்டரில் 'பைல்' மெனுவுக்குப் போய், 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்', அதில் 'இம்போர்ட்-எக்ஸ்போர்ட்' என்று தட்ட வேண்டும். பைலாக எக்ஸ்போர்ட் செய்வதைத் தேர்ந்து, 'அவுட்லுக் டேட்டா பைல்' என்பதைக் குறிப்பிட வேண்டும். காண்டாக்ட்ஸ் போல்டரைக் காட்டி, உள்போல்டர்களும் சேரட்டும் என்ற கட்டத்தில் ஒரு குறி போட வேண்டும். இந்தக் குறியை மறந்தவர்களுக்குப் பாதி விலாசம்தான் கிடைக்கும்.

பைல் தயாரானதும் அவுட்லுக்கை மூடிவிட்டு அதைப் பென்டிரைவில் நகல் எடுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் பென்டிரைவிலிருந்தே திறக்காமல், முதலில் கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்துக்கொண்டு, அதே மெனுவில் இம்போர்ட் செய்யுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்று கேட்கும். புத்தகம் காலியாக இருந்தால் எதைச் சொன்னாலும் சரி. ஏற்கெனவே சிலர் இருந்தால், 'பழையதை மாற்று' என்று அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். நேற்றுத் திருத்திய நம்பரின் மேல் பழைய நம்பர் வந்து உட்கார்ந்துவிடும்.

பெயர்கள் வந்துவிட்டன, ஆனால் கடிதம் எழுதும்போது 'டு' பொத்தானைத் தட்டினால் காணவில்லையா? பயப்பட வேண்டாம். அந்தப் போல்டரின் 'பிராப்பர்டீஸ்' பகுதியில், இதை ஈமெயில் விலாசப் புத்தகமாகக் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் குறி போட்டால் தீர்ந்தது.

தண்டர்பேர்டு என்ற இலவசப் புரோகிராமை உபயோகிப்பவர்களுக்கு இன்னும் சுலபமான வழி உண்டு. 'புரொபைல்' என்ற போல்டரில் கடிதம், விலாசம் எல்லாம் அடங்கியிருக்கும். புரோகிராமை மூடிவிட்டு அந்தப் போல்டரை முழுசாகத் தூக்கிக்கொண்டு போகலாம். விலாசம் மட்டும் வேண்டுமானால் ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். தானாகச் சேர்ந்த விலாசங்களுக்கு அதில் வேறு புத்தகம் உண்டு; அதை விட்டுவிடக் கூடாது.

கணக்குப்பிள்ளை காட்டும் வழி

பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேடு மாற்றும்போது என்ன செய்வார்கள்? பழைய ஏட்டின் கடைசிப் பக்கத்துக் கூட்டுத்தொகையைப் புது ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பழையதைப் பரணில் போடுவார்கள். இங்கேயும் அதே வழிதான்.

காண்டாக்ட்ஸைத் திறந்தால் அவுட்லுக்கின் அடியில் மொத்தம் எத்தனை என்று எண்ணிக்கை தெரியும். பழையதில் 843 என்றால் புதியதிலும் 843 இருக்க வேண்டும். எண்ணிக்கை சரியானால் மட்டும் போதாது. பத்துப் பெயர்களைத் திறந்து பாருங்கள். தமிழில் எழுதிய பெயர் ஒன்று, 0 என்று தொடங்கும் நம்பர் ஒன்று, நீண்ட குறிப்பு உள்ளது ஒன்று, போட்டோ உள்ளது ஒன்று, குழு ஒன்று. இந்த ஐந்தும் சரியாக வந்திருந்தால் மற்றவையும் வந்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அதற்குப் பிறகும் பழைய கம்ப்யூட்டரை ஒரு மாதமாவது வைத்திருப்பது புத்திசாலித்தனம். மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் யார் விட்டுப் போனார் என்பது தெரியும். நாள் கழிந்ததும் பழையதை நன்றாக அழித்துவிட வேண்டியதும் அவசியம். பென்டிரைவில் உள்ள நகலையும் விட்டுவைக்கக் கூடாது. 843 பேருடைய நம்பரும் உங்களை நம்பிக் கொடுக்கப்பட்டவை அல்லவா?

அந்தத் திங்கட்கிழமை ஆபீசில் குமாஸ்தா பொய் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வந்துதான் இருந்தது. "எல்லாம் வந்துவிட்டது சார்!" என்று சொல்வதற்கு முன் ஒரு முறை எண்ணிப் பார்த்திருந்தால், கணக்குப்பிள்ளையின் குறிப்புகளும் இன்று கூடவே இருந்திருக்கும்.