மூன்று கிலோமீட்டர் ஏறிவரும் ஓர் எழுத்து

பங்காருப்பேட்டையிலிருந்து வரும் கிளை ரயில்பாதை கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போக வேண்டியவர்கள் ஒரு காலத்தில் கீழேதான் போனார்கள். பக்கத்தில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. 1965-ல் இந்தத் தங்கவயலில், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வைத்த கருவிகள் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இன்று அப்படியொரு ஆழத்தில் ஓர் அளவீட்டுக் கருவியை வைத்து, மேலே உள்ள கணினியோடு இணைப்பதாக வைத்துக்கொள்வோம். கருவியில் இருப்பது ஆர்.எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட். 'A' என்ற எழுத்தை அது ஒரே அடியாக அனுப்பாது. பிட் பிட்டாக, ஒற்றைக் கம்பியில், வரிசையாக அனுப்பும். முதலில் 'ஆரம்பம்' என்று ஒரு 0, பிறகு எழுத்துக்குரிய எட்டு பிட்கள், கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு 1. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 104 மைக்ரோநொடி.

0 என்றால் 3 முதல் 15 வோல்ட் வரை நேர் மின்னழுத்தம்; 1 என்றால் அதே அளவு எதிர் மின்னழுத்தம். ஆனால் எதைக் கொண்டு அளப்பது? ஒன்பது முனை இணைப்பியில் 5-ஆம் முனை, கிரவுண்ட். அதுதான் இரு கருவிகளுக்கும் பொதுவான பூஜ்யம். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது: மேலே உள்ள பூஜ்யமும் கீழே உள்ள பூஜ்யமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. அந்த மின்சாரத்தில் ஒரு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினாலே அருகிலுள்ள எர்த் மின்னழுத்தம் சற்று நகரும். அந்த வித்தியாசம் கிரவுண்ட் கம்பி வழியே மின்னோட்டமாகப் பாய்ந்து சிக்னலைக் குலைக்கும். இடி மின்னல் என்றால் போர்ட்டையே எரித்துவிடும். ஆர்.எஸ்-232 கேபிளுக்கு 15 மீட்டர்தான் வழக்கமான வரம்பு. 3 கிலோமீட்டரை எண்ணிப் பார்க்கவே முடியாது.

ஃபைபர் மோடம் இந்தச் சிக்கலை அடியோடு வெட்டுகிறது. வோல்ட்டைக் கேட்டு, கண்ணாடி இழைக்குள் ஒளியை எரித்து அணைக்கிறது. மறுமுனை மோடம் ஒளியைப் பார்த்து, தன் பக்கத்துப் பூஜ்யத்தை வைத்து வோல்ட்டை மறுபடி உருவாக்குகிறது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு பூஜ்யங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சுரங்கத்தின் அடியிலிருந்து மேலே வர 16 மைக்ரோநொடி போதும். கருவி ஒரு பிட்டைச் சொல்லி முடிக்கும் முன்பே அதன் தொடக்கம் மேலே வந்து சேர்ந்திருக்கும்.

போக ஒரு இழை, வர ஒரு இழை. இந்த மோடத்தின் அனுப்பும் முனை அந்த மோடத்தின் பெறும் முனைக்குப் போக வேண்டும். மாற்றிச் செருகினால் இரண்டும் பேசும், எதுவும் கேட்காது.

எளிய மோடத்தில் இழை சுமப்பது தகவலை மட்டுமே. 'அனுப்பலாமா' என்று கேட்கும் 7-ஆம் முனையும், 'அனுப்பு' என்று சொல்லும் 8-ஆம் முனையும் கீழேயே நின்றுவிடும். சுரங்கக் கூண்டுக்கும் இந்த முறை உண்டு: ஆள் ஏறத் தயார் என்று மூன்று மணி அடித்தால், மேலிருந்து பதிலுக்கு மூன்று மணி வந்த பிறகே கூண்டில் கால் வைக்கலாம். கருவி பதிலுக்காக என்றென்றும் காத்திராமல் இருக்க, 7-ஐயும் 8-ஐயும் கருவியின் பக்கத்திலேயே இணைத்துவிடுவார்கள். அப்போது கேள்வியே பதிலாகத் திரும்பி வரும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதை அறிய, ஒளி வருகிறதா என்று காட்டும் விளக்கு உள்ள மோடத்தை வாங்க வேண்டும்.