நாணய நோட்டம்: அன்றும் இன்றும்

காசைக் கையிலெடுத்து அதன் மெய்ம்மையையும் மாற்றையும் ஆய்ந்து கூறுவதை நம் முன்னோர் ‘நோட்டம்’ என்றனர். சங்க காலத்தில் அதனைச் செய்தவன் ‘வண்ணக்கன்’. விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் எனப் புலவர் பெயர்களிலேயே அத்தொழிற்பெயர் இன்றளவும் நிற்கிறது. அரபு மொழியில் இச்செயலுக்கு ‘நக்து’ என்று பெயர். நற்காசையும் கள்ளக்காசையும் பிரித்தறிவதைக் குறித்த அச்சொல், ரொக்கப் பணத்துக்கும் இலக்கியத் திறனாய்வுக்கும் பெயராயிற்று. ஹதீஸ் கலை வல்லுநர்கள் தம் பணியை நாணயம் பார்க்கும் ‘ஸர்ராஃபின்’ பணியோடு ஒப்பிட்டனர். அந்த ஸர்ராஃபே தமிழில் ‘சராப்’ ஆனார். அக்பரின் நாணயச்சாலையில் காசின் தூய்மையை அறுதியிடும் பொறுப்பு ஸைரஃபீ என்னும் அதிகாரிக்கு உரியது என அபுல் ஃபஸ்ல் தமது ஆயினே அக்பரியில் குறித்துள்ளார்.

இப்பழந்தொழில் இன்று கடல் கடந்த நிறுவனங்களின் கைக்குச் சென்றுள்ளது. அவை காசை ஆராய்ந்து, எண் ஒன்றைத் தந்து, கண்ணாடி போன்ற நெகிழிப் பேழையில் அடைத்து முத்திரையிடுகின்றன. அந்த எண்ணை நாம் எவ்வளவு நம்பலாம், நம் மண்ணின் காசுகளுக்கு அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்துத் தொடங்குவோம். கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமம் ஒன்றியத்தில், பழைய வீடொன்றின் மரப்பெட்டியில் செப்புக் காசு ஒன்று கிடக்கிறது எனக் கொள்வோம். ஒரு புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1808 என்னும் ஆண்டும் உள்ளன. மறுபுறம் பத்துக் காசு இரண்டு ஃபலூஸ் ஆகும் எனப் பாரசீக எழுத்தில் பொறித்திருக்கிறது. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட காசு இது. கைபட்டுக் கைபட்டு எழுத்து மங்கிவிட்டது. இதன் தரம் யாது?

எண்ணால் விடை கூறும் முறை 1949இல் தோன்றியது. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய செப்பு சென்ட் காசுகளுக்கென 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். 70ஆம் தரக் காசு 1ஆம் தரக் காசைப்போல எழுபது மடங்கு விலை பெறும் என்பது அவர் கருத்து. விலைக் கணக்கு விரைவில் பொய்த்தது. அளவுகோல் மட்டும் நிலைத்தது. 1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் அதனைத் தன் நாட்டு நாணயங்கள் அனைத்துக்கும் விரித்தது. புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை. புழங்கியவற்றுக்குத் தேய்மானத்துக்கு ஏற்ப அதற்குக் கீழே. ஒரு வகைச் செப்புக் காசுக்கென எழுந்த கோலே இன்று உலக நாணயங்களை அளக்கிறது என்பதை வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

தரச்சான்று நிறுவனங்களுள் மூத்தது ஏ.என்.ஏ.சி.எஸ். மேற்சொன்ன சங்கமே 1972இல் காசின் மெய்ம்மையைச் சோதிக்க அதனை நிறுவியது. 1979 முதல் தரமும் இட்டது. 1986இல் பி.சி.ஜி.எஸ். தோன்றி, முத்திரையிட்ட பேழையையும் தரத்துக்கான பொறுப்புறுதியையும் சந்தையில் வழக்கமாக்கியது. 1987இல் என்.ஜி.சி. தொடங்கியது. தரமிடுவோர் நாணய வாணிகத்தில் ஈடுபடலாகாது என்பதை இந்நிறுவனம் தன் அடிப்படை விதியாகக் கொண்டது. நடுவர் வழக்காளியாக இருத்தலாகாது என்னும் நீதியே இது.

குறையுள்ள காசை நடத்தும் முறையில் இவை வேறுபட்டன. துலக்கியதும் துளையிட்டதுமான காசுகளையும், குறையைப் பெயர் சொல்லி எழுதி, ஏ.என்.ஏ.சி.எஸ். முன்பே ஏற்றது. மற்ற இரண்டும் அத்தகையவற்றை நெடுங்காலம் தரமிடாமலே திருப்பி அனுப்பின. இன்று அவையும் எண் தராமல், மெய்யான காசு என்று கூறிக் குறையைக் குறித்து அளிக்கின்றன. பண்டைக் கிரேக்க, ரோமானியக் காசுகளுக்கு என்.ஜி.சி. வேறு முறையைக் கையாள்கிறது. தேய்மானத்தைச் சொல்லால் குறித்து, அச்சடிப்பின் செம்மைக்கும் மேற்பரப்பின் நிலைக்கும் தனித்தனியே ஐந்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுகிறது. ஒரே எண்ணில் அனைத்தையும் அடக்க இயலாது என்பதை இதுவே ஒப்புக்கொள்வதாகும்.

இயந்திரம் இடும் தரமன்று இது; மனிதர் கண்ணால் பார்த்து இடுவது. ஆகவே பேழையை உடைத்துக் காசை மீண்டும் அனுப்பி, உயர்ந்த எண் கிடைக்கும்வரை முயல்வோரும் உள்ளனர். 1990இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், பி.சி.ஜி.எஸ். தன் தரமிடல் சார்பற்றது, மாறாதது என விளம்பரம் செய்தது மிகையெனக் குற்றஞ்சாட்டி, உடன்பாட்டின் வழியே அதனைத் திருத்தியது. 2007இல் சி.ஏ.சி. என்னும் அமைப்பு, பேழையிலிட்ட அமெரிக்க நாணயங்களை மறுபடி பார்த்து, ஏற்றவற்றுக்குப் பச்சை ஒட்டுச்சீட்டு இடத் தொடங்கியது. நோட்டக்காரருக்கே நோட்டம் தேவைப்பட்டது! 2023 முதல் அதன் வழிவந்த நிறுவனம் தானே தரமும் இடுகிறது.

இனி நம் பத்துக் காசுக்கு மீள்வோம். 1809 ஜனவரியில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கம்பெனிக் கப்பல், இதே 1808ஆம் ஆண்டுக் காசுகளைச் சென்னைக்குக் கொண்டுவரப் புறப்பட்டு, இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் மீட்கப்பட்டன. அவற்றுட் பல இன்று பேழைகளில் உலவுகின்றன. உப்புநீர் அரித்தவற்றுக்கு எண் தராமல், கப்பல் மூழ்கியதால் நேர்ந்த மாற்றம் என்று குறிக்கும் வழக்கம் என்.ஜி.சி.யிடம் உண்டு. நம் சந்தைக்கு வந்தே சேராத காசு, அரிப்புக்குத் தப்பியிருந்தால், புழங்காதது என உயர்தரம் பெறும். வந்து சேர்ந்து, உப்பும் நெல்லும் வாங்கித் தேய்ந்த காசு தாழ்தரம் பெறும். இதில் பிழை ஒன்றுமில்லை. தேய்மானம் எவ்வளவு என்னும் வினாவுக்கே அந்த எண் விடை கூறுகிறது. காசு எங்கே வாழ்ந்தது என்பதை அது கேட்பதில்லை.

மதுரை சுல்தான்களின் காசுகளில் இக்குறை மேலும் தெளிவாகும். 1330களில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தொடங்கி 1370கள் வரை நீடித்த அவ்வரசின் வரலாற்றுக்கு, இப்னு பதூதாவின் பயணக் குறிப்புக்கு அடுத்த பெருஞ்சான்று அந்தச் சிறு நாணயங்களே. ஹுல்ட்ஷ் என்னும் கல்வெட்டறிஞர் 1909இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அச்சு பெரிதாகவும் காசு சிறிதாகவும் அமைந்தால் எழுத்தின் ஒரு பகுதி வெளியே போய்விடும். அங்கே தேய்மானத்தினும் முதன்மையானது, சுல்தானின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் படிக்கக் கிடைக்கின்றனவா என்பதே. இதனை அறிய அரபு எழுத்தறிவு வேண்டும். எடையும் உலோகமும் காண வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு நிறைந்த நாணயம் தொல்பொருள். அதனைத் தனியார் எவரும் நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது. எனவே தரம் பெறும் நோக்கிலேனும் நம் பத்துக் காசை அமெரிக்காவுக்கு அனுப்புவது குற்றமாகும். மண்ணில் புதைந்து கிடைத்ததாயின் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டும் எதனையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கும் கடமை கண்டெடுத்தவருக்கு உண்டு.

ஆயின் அவ்வீட்டார் செய்யத்தக்கது யாது? முதலாவது, புளியிட்டுத் துலக்காதிருத்தல். பாத்திரத்துக்கு அழகு தரும் அச்செயல் காசின் மேற்பரப்பை நிலையாகக் கெடுக்கும்; எந்த நிறுவனமும் அதற்குத் தூய எண் தராது. இரண்டாவது, எடையும் விட்டமும் குறித்து, இருபுறமும் படமெடுத்து, யாரிடமிருந்து வந்தது என்பதை எழுதிவைத்தல். மூன்றாவது, எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற இடத்திலுள்ள அறிஞரிடம் காட்டிப் படித்தறிதல். விலை பேசுவது அதன் பின்னரே ஆகும்.

வாங்குவோருக்கும் ஒரு சொல். பேழையிலுள்ள எண்ணை மட்டும் வாங்காமல் காசைப் பார்த்து வாங்குக. எந்த நிறுவனம் எதற்குப் பொறுப்பேற்கிறது என்பதை முன்னரே படித்தறிக. பேழைகளிலும் போலிகள் உண்டாதலின், அதன் எண்ணை நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடுக.

விற்பவர் தாம் அறிந்த குறையை மறைக்கலாகாது, மறைத்தால் வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரும் உரிமை பெறுவார் என ஃபிக்ஹு நூலோர் ‘கியாருல் ஐப்’ என்னும் தலைப்பில் விதித்தனர். முத்திரையிட்ட பேழை இக்கடமையை எளிதாக்கலாம், அதனை நீக்கிவிடாது. வண்ணக்கனும் ஸர்ராஃபும் காசை மட்டுமா நோட்டம் பார்த்தனர்? அதைக் கொடுக்கும் கையின் நேர்மையையும் சேர்த்தே பார்த்தனர். தமிழில் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது வீணன்று.