பாவற்காய்ச் சாறும் அம்மாவின் குளிசையும்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் முதலில் தெரிவது ஒரு பச்சைப் போத்தல். பாவற்காய்ச் சாறு. அம்மாவுக்கு நெடுநாளாக நீரிழிவு. போன மாதம் அவவுடைய மெட்ஃபோர்மின் குளிசைகள் குறையாமல் அப்படியே கிடந்ததைக் கண்டேன்.

"என்னம்மா, குளிசையை விட்டிட்டீங்களோ?"

"சாறு குடிச்சு எத்தினை பேருக்குச் சுகம் வந்திருக்கு! வட்ஸ்அப்பில போடுகினம். எல்லாரும் பொய்யே சொல்லினம்?"

பொய் என்று சொல்லவில்லை. ஆனால் சுகம் வந்தவர்தான் எழுதுவார்; வராதவர் பேசாமல் இருந்துவிடுவார். மருத்துவ ஆய்விலும் இதே சிக்கல் உண்டு. நல்ல முடிவு வந்தால் அச்சேறும். வராவிட்டால் பல வேளை மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்துவிடும்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 'சிஸ்டமேட்டிக் ரிவியூ', முறைப்படியான மீளாய்வு. கேள்வியையும் விதிகளையும் முதலே எழுதி வைக்கிறார்கள். அச்சேறாதவை உட்பட, கிடைக்கக்கூடிய எல்லா ஆய்வுகளையும் தேடுகிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சலித்தெடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு நம்பத்தக்கது என்று எடைபோடுகிறார்கள். பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுக்க இடமில்லை.

இந்தச் சிந்தனைக்கு எங்கள் ஒன்ராறியோவிலும் ஒரு வேர் உண்டு. 'சான்று சார்ந்த மருத்துவம்' என்ற சொல்லை 1991 இல் அச்சில் தந்தவர் ஹமில்டன் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கயாட். 1993 இல் பிரித்தானியாவில் தொடங்கிய கொக்ரேன் அமைப்பு இத்தகைய மீளாய்வுகளை உலகமெங்கும் செய்விக்கிறது.

அவர்கள் பாவற்காயையும் விட்டுவைக்கவில்லை. 2012 இல் புதுப்பித்த மீளாய்வில் விதிகளுக்குள் வந்தவை 4 ஆய்வுகள் மட்டுமே. மொத்தம் 479 பேர், மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை, தரமும் குறைவு. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டபோது சீனிக் கட்டுப்பாட்டில் நம்பத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. முடிவு: பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை.

"அப்ப பாவற்காய் கூடாதே?" அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"கூடாதெண்டு சொல்லேல்லை அம்மா. குளிசைக்குப் பதிலா நம்பிற அளவுக்கு ஒருத்தரும் காட்டேல்லை எண்டுதான் சொல்லுகினம்."

'சான்று இல்லை' என்பதும் 'பலன் இல்லை' என்பதும் ஒன்றல்ல. ஆனால் சான்று வரும்வரை குளிசையை நிறுத்திப் பார்ப்பது அம்மாவின் கண்ணையும் சிறுநீரகத்தையும் வைத்து ஆடும் சூதாட்டம்.

அடுத்த கிழமை குடும்ப வைத்தியரிடம் போனபோது போத்தலையும் கொண்டுபோய்க் காட்டினோம். சாறும் குளிசையும் சேர்ந்து சீனியை அளவுக்கு மிஞ்சிக் குறைக்கலாம் என்பதால், என்ன குடிக்கிறோம் என்று மறைக்காமல் சொல்வது முக்கியம்.

குளிசை திரும்பத் தொடங்கியாச்சு. பாவற்காய் இப்போது கறியாகச் சோற்றோடு வருகிறது. கைப்பு அப்படியேதான்.