குனிஞ்சா கால் விரல் எட்டலையா? யோகாவை முதல்முறை தொடங்குபவர்கள் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

2014-ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்து, 2015 முதல் ஜூன் 21-ம் தேதி சர்வதேச யோகா தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைக்கு செல்போனைத் திறந்தாலே தலைகீழாக நிற்கும் படங்கள்தான். அதைப் பார்த்துவிட்டு, மறுநாளே மொட்டை மாடியில் பாயை விரித்து சிரசாசனம் முயற்சிப்பவர்களும் உண்டு. சிக்கலே அங்கதான். தலைகீழாக நிற்கும்போது கழுத்தில் எடை இறங்கும், கண்ணுக்குள் அழுத்தம் கூடும். உயர் ரத்த அழுத்தம், குளுக்கோமா, கழுத்துவலி இருப்பவர்களுக்கு இது ஆபத்து.

அப்போ எதிலிருந்து தொடங்குவது?

நிற்பதில் இருந்து!

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கவனியுங்கள், பெரும்பாலும் ஒரு காலில் சாய்ந்துதான் நிற்போம். தாடாசனம் அதைச் சரிசெய்யும் பயிற்சி. பாதங்களைச் சேர்த்து வைத்து, இரண்டு கால்களிலும் எடையைச் சமமாகப் பரப்பி, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை மேலே தூக்கி, சில மூச்சுகள் அப்படியே இருந்துவிட்டு இறக்குங்கள். அவ்வளவுதான்.

அடுத்தது விருட்சாசனம், அதாவது ஒற்றைக்காலில் நிற்பது. படத்தில் இருப்பதுபோல பாதத்தைத் தொடை வரை கொண்டுபோக வேண்டியதில்லை. கணுக்காலில் வைத்தாலே போதும், விரல் நுனி தரையைத் தொடலாம். முட்டியின் பக்கவாட்டில் மட்டும் பாதத்தை அழுத்தாதீர்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். போட்டோவுக்கு எடுப்பாக இருக்காது, ஆனா விழ மாட்டீங்க.

கால் விரலைத் தொட்டே ஆகணுமா?

வேண்டாம். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தொடையின் பின்பக்கத் தசை இறுகியிருக்கும். அந்தத் தசை தொடங்குவது இடுப்பெலும்பின் அடியில். அது இறுகியிருந்தால் குனியும்போது இடுப்பு முன்னோக்கிச் சாயாது. விரலைத் தொட வேண்டும் என்ற பிடிவாதத்தில் கீழ்முதுகை வளைப்போம், பாரம் முழுவதும் அங்கே போய் விழும். 'யோகா பண்ணி முதுகு பிடிச்சுக்கிச்சு' என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் கதை.

முட்டியைக் கொஞ்சம் மடக்கி, இடுப்பில் இருந்து குனியுங்கள். கை முட்டி வரைதான் வருகிறது என்றால் அங்கேயே நிறுத்தலாம். பின்தொடையில் இழுப்பது சகஜம். சுருக்கென்ற குத்தலோ, காலில் மரத்துப்போவதோ இருந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதுகுத் தண்டின் டிஸ்க் விலகியவர்கள் தாங்களாகவே இதை முயற்சிக்கக் கூடாது.

கைக்கு எட்டாததை எட்ட வைக்க உபகரணம் பயன்படுத்துவது குறுக்குவழி கிடையாது. கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார் கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் வைத்துத்தான் புனேவில் உலகத்துக்கே யோகா கற்றுக்கொடுத்தார். வீட்டில் கட்டைக்குப் பதில் தடிமனான புத்தகம், பெல்ட்டுக்குப் பதில் துண்டு போதும்.

குப்புறப் படுத்துச் செய்யும் புஜங்காசனத்தில் தொப்புள் தரையை விட்டு எழும்ப வேண்டாம், முழங்கை சற்று மடங்கியே இருக்கட்டும். கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு வஜ்ராசனம் வேண்டாம்.

எப்போது செய்யலாம்?

வெறும் வயிற்றில். காலையில் முடியாதவர்கள், சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துச் செய்யலாம். முதல் வாரம் 15 நிமிடமே தாராளம்.

கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம். சும்மா படுத்திருப்பதுதானே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். முடிந்ததும் சட்டென எழாதீர்கள், தலை சுற்றும். பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். ஒருபக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.