பசிக்கு எத்தனை லாரி?

சூளகிரியில் கொத்தமல்லிக் கட்டு ஏற்றுபவர்களுக்கும், பெங்களூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர்களுக்கும் டன் கணக்கு மனப்பாடம். லாரிக்குப் பத்து டன் என்று வைத்து, போரில் சிக்கிய ஈழத்தமிழரின் பசியை அளந்து பார்க்கிறேன்.

1987 ஜூன் 3: நிவாரணத்தோடு ராமேசுவரத்திலிருந்து போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், சூளகிரியிலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளியுள்ள பெங்களூரிலிருந்து இந்தியாவின் 5 ஏ.என்.-32 விமானங்கள் புறப்பட்டன. காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். யாழ்ப்பாணத்தில் போட்டது சுமார் 25 டன். இரண்டரை லாரி. 1981 கணக்கெடுப்பில் அங்கிருந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். தலைக்கு 36 கிராம்கூடத் தேறாது. வயிறு நிறைக்க வந்ததல்ல அந்தச் சரக்கு, கொழும்புக்குச் சேதி சொல்ல வந்தது. ஜூலை 29-இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது.

இறுதிப் போரின்போது வன்னிக் கணக்கு இதைவிடக் கொடியது. உலக உணவுத் திட்டத்தின் 11-ஆவது வாகன அணி 2009 ஜனவரி 16-இல் புதுக்குடியிருப்பை அடைந்தது; அதன்பின் தரைவழி அடைபட்டது. பிப்ரவரி 10 முதல் மே 9 வரை கடல்வழி மட்டும். செஞ்சிலுவைச் சங்கம் காயம்பட்டோரையும் உறவினரையுமாகச் சுமார் 14,000 பேரை அவ்வழியே மீட்டது.

உள்ளே எத்தனை பேர்? பிப்ரவரியில் இலங்கை அரசு சொன்னது 70,000. ஐ.நா. மதிப்பீடு 2,50,000. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே ஏறக்குறைய 2,90,000. தலைக்கு நாளுக்கு அரைக் கிலோ என்றால் முதல் எண்ணுக்கு 35 டன், இரண்டாவதற்கு 125 டன். மூன்றரை லாரிக்கும் பன்னிரண்டரை லாரிக்கும் உள்ள இடைவெளி அது. தலையைக் குறைத்து எண்ணினால் உலையில் விழும் அரிசியும் குறையும். பட்டினியைப் போர்க்கருவியாக்க அந்த ஒரு எண் போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

அரிசி விலையா தடை? 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தமிழ்நாடு ஒதுக்கிய 40,000 டன் அரிசியின் மதிப்பு 80 கோடி ரூபாய். கிலோ 20 ரூபாய். மே 18-இல் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் கப்பலில் மட்டும் 9,000 டன். இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் சம்மதித்ததால் போய்ச் சேர்ந்தது. ஐ.நா. எண்ணின்படி வன்னியில் அந்த ஒரு கப்பல் 72 நாள் சோறு.

கடல்வழி திறந்திருந்த 89 நாளுக்கும் முழுக்க அரிசியே என்று கணக்கிட்டால், 2022 விலையில் 11,125 டன், 22 கோடியே 25 லட்சம் ரூபாய்.