பத்தில் ஒரு பங்கு நிலம் புல்லுக்கு: அயோவா வயல்களில் நடந்த சோதனை

நன்றாக விளையும் வயலில் பத்தில் ஒரு பங்கைப் பயிரிடாமல் விட்டு, அங்கே காட்டுப் புல்லையும் பூச்செடிகளையும் வளர்க்கச் சொன்னால் எந்த விவசாயி ஒப்புக்கொள்வார்? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடப் பத்தாண்டு காலம் பிடித்தது.

அயோவா, சோளமும் சோயாவும் விளையும் மாநிலம். ஒரு காலத்தில் அதன் பெரும்பகுதி உயரமான புல்வெளியாக இருந்தது. இன்று அதில் 0.1 விழுக்காடுகூட எஞ்சவில்லை. புல் போன பிறகு, ஒவ்வொரு பெருமழையிலும் மேல்மண் கரைந்து ஓடுகிறது. மண்ணோடு உரமும் போகிறது. அது மிசிசிப்பி ஆற்றின் வழியாக மெக்சிகோ வளைகுடாவை அடைந்து, பாசியைப் பெருக்கி, மீன்கள் மூச்சுவிட முடியாத கடற்பகுதியை உண்டாக்குகிறது. குடிநீரில் கலக்கும் நைட்ரேட்டை நீக்கும் செலவு நகர மக்கள் தலையில் விழுகிறது.

சோதனை எப்படி நடந்தது?

அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் நீல் ஸ்மித் தேசிய வனவிலங்குக் காப்பகத்தில் சரிவான 12 சிறு நிலப்பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். சிலவற்றில் சோளமும் சோயாவும் மட்டுமே பயிரிடப்பட்டன. மற்றவற்றில் 10 அல்லது 20 விழுக்காட்டு இடம், நாட்டுப் புல்லுக்கும் பூச்செடிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. சில இடங்களில் அது சரிவின் அடியில் மட்டும் இருந்தது. வேறு சில இடங்களில் சரிவின் குறுக்கே பட்டைகளாக அமைந்தது.

இந்த ஆய்வுக்கு உதவிய அமைப்புகளில் ஒன்று, அதே பல்கலைக்கழகத்தின் லியோபோல்ட் மையம். 1987-இல் மாநிலச் சட்டத்தின் வழி தொடங்கப்பட்ட அந்த மையத்துக்கு, உரம், பூச்சிக்கொல்லி விற்பனையில் வசூலான கட்டணத்திலிருந்து பணம் வந்தது. உரத்தால் வரும் கேட்டைக் குறைக்க, உரத்தின் மீதான கட்டணமே பயன்பட்டது. 2017-இல் மாநிலச் சட்டமன்றம் அந்த நிதியை நிறுத்தியது.

அதே 2017-இல் ஆய்வு முடிவுகள் வெளிவந்தன. 10 விழுக்காட்டு இடத்தைப் புல்லுக்கு விட்ட வயல்களில் மண் இழப்பு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. மேற்பரப்பில் ஓடிய மழைநீர் 37 விழுக்காடு குறைந்தது. தேனீ போன்ற மகரந்தம் பரப்பும் பூச்சிகள் 3.5 மடங்கு பெருகின. பயிரிட்ட பரப்பில் விளைச்சல் குறையவில்லை.

காரணம் எளிது. இந்தப் புற்களின் தண்டு விறைப்பானது. மழைநீர் பாய்ந்தாலும் சாயாமல் நிற்கும். நீரின் வேகம் தணிந்ததும் மண் அங்கேயே படியும். ஆழமான வேர்கள் நீரை உள்ளே இழுக்கும். மலேசியாவில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இளங்கன்றுகளுக்கு இடையே மண்ணைக் காக்கக் கொடிப்பயிர் வளர்ப்பது அங்கே பழைய வழக்கம்.

நட்டத்தை ஏற்பது யார்?

ஆய்வு நிலத்தில் வெற்றி பெற்றது, கடன் வாங்கிப் பயிரிடும் விவசாயிக்கும் உதவும் என்று சொல்லிவிட முடியாது. ஒதுக்கிய நிலத்தின் வருமானத்தை அவர் இழக்கிறார். களை பரவுமோ என்று அஞ்சுகிறார். புதிய முறை தவறினால் ஓராண்டு உழைப்பே வீணாகும்.

இந்த அச்சத்தைக் குறைக்கவே அமெரிக்காவில் மானியத் திட்டங்கள் உள்ளன. நிலப் பாதுகாப்பில் புதிய முறைகளைச் சோதிப்பதற்கான புத்தாக்க மானியம், 2002-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தில் உருவானது. 2018-ஆம் ஆண்டின் சட்டம், விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே சோதனை நடத்த ஆண்டுக்கு 25 மில்லியன் டாலர் ஒதுக்கியது. மானியம் நேரடியாக விவசாயிக்குப் போவதில்லை. பல்கலைக்கழகங்களும் அமைப்புகளும் அதைப் பெற்று, விவசாயிக்கு ஊக்கத்தொகையும் தொழில்நுட்ப உதவியும் அளிக்கின்றன. மண், நீர் ஆகியவற்றோடு வரவு செலவும் கணக்கிடப்படுகிறது.

அதே 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புல் பட்டைகளும் இடம்பெற்றன. நிலத்தைப் பயிரிடாமல் ஒதுக்குவோருக்கு ஆண்டு வாடகை தரும் மத்திய அரசுத் திட்டத்தில் அவை சேர்க்கப்பட்டன. 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

புல் பட்டைக்கும் எல்லை உண்டு. அயோவாவின் பல வயல்களில் அதிக நீரை வடிக்க நிலத்தடியில் குழாய்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின் வழியே போகும் நைட்ரேட், பட்டையின் வேர்களைத் தொடாமலேயே ஓடையில் கலந்துவிடும். அதைத் தடுக்க, குழாய் நீரை ஓடைக்கரை மண்ணுக்குள் கசியவிடும் முறை 2010-இல் அயோவாவில் சோதிக்கப்பட்டது. அந்த மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடுகின்றன.

பட்டையை நட்டவுடன் பலன் கிடைத்துவிடாது. நாட்டுப் புல் வேர்பிடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை களையை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக் காலத்தின் செலவை விவசாயி தனியாகச் சுமக்க வேண்டுமா, பொதுப்பணமும் பங்கேற்க வேண்டுமா என்பதே இந்த மானியங்களுக்குப் பின்னால் உள்ள கேள்வி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.